குயில் அல்ல, கக்கா

ஜனவரி 9

அன்புள்ள கக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் முழங்கால் எப்படி, கண் எப்படி என்று தனித்தனியாக எழுது. 'நல்லா இருக்கேன்' என்று மொத்தமாக எழுதித் தப்பிக்காதே.

'அக்கா' என்று சொல்ல வராமல் 'கக்கா' என்று கூப்பிட்ட பயலுக்கு இப்போது அறுபத்தாறு வயது. ஆபீஸ் இல்லை. காலையில் நடை, பிறகு பேப்பர், பிறகு வீட்டுக்காரியிடம் திட்டு. இதற்கு நடுவில் புதிதாக ஒரு மறதி வந்திருக்கிறது. சாவி வைத்த இடம் மறந்தால் பரவாயில்லை, நம் சின்ன வயசே கலங்கலாகிவிட்டது. பழசை நினைத்துப் பார்ப்பது நல்லது என்று டாக்டர் சொல்கிறார். நினைக்க எனக்கு என்ன இருக்கிறது? எல்லாம் உன்னிடம்தான் இருக்கிறது. போனில் கேட்கலாம் என்றால் நான் தொண்டை கிழியக் கத்துவேன், நீ 'யாரு பேசறது?' என்பாய். அதனால் எழுது. வீடு, வாத்துகள், வாய்க்கால், அப்பா அம்மா, எது தோன்றினாலும் எழுது.

கண் ஆபரேஷனை இங்கேயே வைத்துக்கொள்வோம். மே மாதம் வந்துவிடு. பின்பக்க அறை உனக்குத்தான். ஒரு மாதம் குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாதாமே. சொட்டு மருந்து நான் போட்டுவிடுகிறேன். நீ எனக்கு எத்தனை முறை மூக்குச் சிந்திவிட்டிருப்பாய், இதாவது செய்கிறேன்.

உன் தம்பி


ஜனவரி 23

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் நன்றாக இருக்க வேண்டும். முழங்கால்: படிக்கட்டைப் பார்த்தாலே அழுகிறது. வலது கண்: பால் ஊற்றிக் கழுவாத டம்ளர். இடது கண்: ஓட்டுகிறேன். தனித்தனியாக எழுதிவிட்டேன், திருப்திதானே? எழுத்து ஆனை ஆனையாக இருக்கிறது என்று சிரிக்காதே. கோடு தெரியவில்லை.

உனக்கு மறதி என்று படித்ததும் கடிதத்தைக் கண்ணருகே பிடித்து இன்னொரு தடவை படித்தேன். நம் வீட்டில் மிச்சம் இருப்பது நாம் இருவர்தான். நீயும் மறந்துவிட்டால் நான் யாரிடம் போய்ப் பேசுவேன்? அதனால் எழுதுகிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், உருகுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. ரொட்டிக்கடைக் கல்லாவில் நின்ற முப்பது வருஷத்தில், கிராமத்தில் பிறந்ததே புண்ணியம் என்று பேசும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எவரும் சேற்றில் நின்று கால்விரல் இடுக்கு வெந்துபோனவர்கள் இல்லை.

வீடு ஒரே அறை. மழை பெய்தால் நாம் இடம் மாறிப் படுப்போம், பாத்திரங்கள் நம் இடத்தில் படுக்கும். வாத்துக் கொட்டகை வீட்டோடு ஒட்டியிருந்ததால் அம்மா பேசியதை விட வாத்து பேசியதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறோம். விடியும் முன் முட்டை பொறுக்குவது என் வேலை. குளிர்காலத்தில் கை விறைத்திருக்கும். அப்போதுதான் இட்ட முட்டையை எடுத்ததும் கூடையில் போட மாட்டேன். இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். அம்மா பார்த்தால், "ஏன்டி, முட்டைக்கு முத்தம் குடுத்தா கூட ஒண்ணு போடுமா?" என்பாள்.

கோணமூக்கனை ஞாபகம் இருக்கிறதா? அலகு ஒரு பக்கமாக வளைந்த ஆண் வாத்து. அதைக் கண்டால் நீ என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "கக்கா, அதப் போகச் சொல்லு" என்பாய். நானும் பெரிய அதிகாரி மாதிரி, "போ" என்பேன். அது போகாது. நாம்தான் போவோம்.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள கக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கால்வலிக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன்.

முட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றதைப் படித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதுதான் வேண்டும். இன்னும் எழுது. யார் என்ன சொன்னார்கள் என்பதை இதே போலப் பேச்சாகவே எழுது. வாசனை, சத்தம் எதையும் விடாதே. கண் இருக்கும்போதே எழுதிவிடு.

எனக்கு ஒரு தடவை பெரிய காய்ச்சல் வந்ததாக அம்மா சொல்வாளே, அதை முழுசாக எழுதுவாயா?

பின்பக்க அறைக்குப் புது மெத்தை சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. நாற்றத்தில் மாடி வீட்டு நர்ஸ் பொண்ணு ஓடி வந்து, "என்னம்மா, கேஸ் லீக்கா?" என்று கேட்டாள். ஆனால் வலிக்குக் கேட்கிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் காய்ச்சலைக் கேட்டாய். அதை நினைத்தால் இன்றைக்கும் என் முதுகு சுடுகிறது. உனக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்பது. அந்த வருஷம் மழை இல்லை. வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. அப்பா செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டார். அம்மா விடிந்தால் போய் இருட்டினால் வருவாள். உன்னை நான்தான் பார்த்துக்கொண்டேன். காலையில் நீ வாத்தைக் கண்டும் பயப்படவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, உனக்கு உடம்பு சரியில்லை என்று.

மத்தியானம் கண் மேலே சொருகியது. உன்னை முதுகில் போட்டு, அம்மாவின் பழைய துணியால் என் இடுப்போடு கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி, ஊசி போடும் கம்பவுண்டர் வீட்டுக்கு நடந்தேன். சாலையில் போனால் சுற்று. வெடித்த மண் காலைக் கிழித்தது. நீ என் கழுத்தில் வாயை வைத்துக்கொண்டு "கக்கா தண்ணி, கக்கா தண்ணி" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாய். அதுதான் பயமாக இருந்தது. "ஏதாவது பேசுடா, கோணமூக்கன் வர்றான் பாரு" என்று கத்தினேன். நீ பேசவில்லை.

கம்பவுண்டர் வீடு பூட்டியிருந்தது. வாசலில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது வாய்விட்டுச் சொன்னேன்: "இவனுக்குப் பதிலா என்னை எடுத்துக்கோ." யாரிடம் சொன்னேன் என்று தெரியாது. தெருவில் ஈ காக்கை இல்லை. பிறகு கம்பவுண்டர் வந்தார், ஊசி போட்டார், நீ வீல் என்று அழுதாய். அவ்வளவு அழகான அழுகையை நான் கேட்டதே இல்லை.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட. உனக்கு மறதி என்பதால் சொல்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

மே மாதத்துக்குப் பை தைத்துக்கொண்டிருக்கிறேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது நர்ஸ் பொண்ணு.

உன் அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்துக்கு வேண்டுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலைகள்.

மே மாதம் வேண்டாம். வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள், பெயிண்ட் வாடை உனக்கு ஆகாது. கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கலாம்.

காய்ச்சல் கடிதத்தைப் படித்து அழுதேன்.

தம்பி


மே 12

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? நான் இருக்கிறேன். வாத்துக் கொட்டகையை ஒட்டிய வீட்டில் படுத்து வளர்ந்தவளுக்குப் பெயிண்ட் வாடை ஒன்றும் செய்யாது. இருந்தாலும் உங்கள் வசதியைப் பாருங்கள். வெள்ளை காய எத்தனை நாள் ஆகிவிடும்? ஜூனில் வருகிறேன். கண் டாக்டர் இனி தள்ளிப்போடக் கூடாது என்கிறார். நேற்று உப்புக்குப் பதில் சோடா மாவைப் போட்டுவிட்டேன். குழம்பு பொங்கிக் கிளம்பியது. சிரித்துவிட்டு, பிறகு டப்பாக்களைத் தடவிப் பார்த்து இடம் மாற்றி வைத்தேன்.

'கக்கா' என்று எழுதாமல் 'அக்கா' என்று எழுதியிருக்கிறாய். அதையும் மறந்துவிட்டாயா? வேறு ஏதும் கோபமா? மனசில் வைத்துக்கொள்ளாமல் சொல்.

உன் அக்கா


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். அவருக்கு வெளி வேலை அதிகமாக இருப்பதால் என்னை எழுதச் சொன்னார். உங்கள் கண் எப்படி இருக்கிறது அண்ணி? தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அங்கேயே நல்ல ஆஸ்பத்திரி இருந்தால் செய்துகொள்வது நல்லது என்று அவர் நினைக்கிறார்.

வெள்ளை அடித்து முடிந்துவிட்டது. நீங்கள் வந்தால் எனக்கு உதவியாகவும் பேச்சுத்துணையாகவும்தான் இருக்கும். மெத்தையைக்கூட இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். முடிவு என் கையில் இல்லை. என்னைத் தப்பாக நினைக்காதீர்கள்.

தம்பி மனைவி


ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் வீட்டுக்காரியின் கடிதம் வந்தது. அவளைத் தப்பாக நினைக்கவில்லை என்று சொல்.

போன வாரம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். நர்ஸ் பொண்ணு லீவு போட்டுக் கூட வந்தாள். வலி விட்டுவிட்டது.

உன்னிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இப்போதெல்லாம் பொழுதை எப்படிப் போக்குகிறாய்? ஏதாவது எழுதுகிறாயா? பள்ளிக்கூடத்தில் கட்டுரையில் முதலாவதாக வருவாய், அதனால் கேட்டேன். இருந்தால் சொல். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் போடு.

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பல் போனால் போகட்டும், வலி போனதே.

நான் என்ன எழுதப் போகிறேன்? மளிகைச் சாமான் சீட்டுகூட உன் தம்பி மனைவிதான் எழுதுகிறாள். மறதி அப்படி இருக்கிறது. நீ இன்னும் ஏதாவது ஞாபகம் இருந்தால் அனுப்பு. அப்பா சூளையிலிருந்து திரும்பி வந்த நாளை எழுதுவதாகச் சொல்லியிருந்தாய் என்று நினைக்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

உன் நலம் விசாரிக்க மனசு வரவில்லை. என் நலம் சொல்லிவிடுகிறேன்: உயிரோடு இருக்கிறேன்.

பல் பிடுங்கிய கதையில் பாதியைத்தான் எழுதினேன். மீதி இது. வாயில் பஞ்சை அடைத்து, கடித்துக்கொண்டு வெளியே உட்காருங்கள், பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். மேஜையில் பழைய வாரப் பத்திரிகைகள் கிடந்தன. நர்ஸ் பொண்ணு ஒன்றைப் புரட்டினாள். பாதிப் பக்கத்துக்கு ஒரு படம். என் கண்ணுக்குக்கூடத் தெரிந்தது, அந்தக் காதும் அந்த மூக்கும். நான் விரலால் தட்டினேன். அவள் சொன்னாள், "இவரா? இவரு எழுதறதுன்னா எனக்கு உயிரும்மா. வாரா வாரம் படிச்சிருவேன். இது அவங்க அக்கா செத்துப்போற வாரம். படிக்கட்டுமா?"

படித்தாள். நான் செத்தேன்.

ஒன்பது வயது. காய்ச்சல். நீ என்னை முதுகில் கட்டிக்கொண்டு வாய்க்காலில் நடந்தாயாம். அதற்காக உன் வயதை ஐந்திலிருந்து எட்டாக்கிக்கொண்டாய். நான் உன் கழுத்தில் வாய் வைத்துத் தண்ணீர் கேட்டேனாம். ஏற்கெனவே உனக்கு வந்த காய்ச்சலை, 'அவனுக்குப் பதிலா என்னை எடுத்துக்கோ' என்று நான் கேட்டு வாங்கிக்கொண்டேனாம். பூட்டிய வாசலில் உன் மடியில் கண்ணை மூடினேனாம். நர்ஸ் பொண்ணு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பாவம்மா அந்தப் பொண்ணு. இருந்திருந்தா உங்க வயசுதான் இருக்கும்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது, வாயில் பஞ்சு.

மற்ற வாரங்களையும் வாங்கிவரச் சொல்லிக் கேட்டுவிட்டேன். முட்டையைக் கன்னத்தில் வைத்தவன் நீ. கோணமூக்கனைக் கம்பால் விரட்டியவன் நீ. அம்மா என்னைத் திட்டியதெல்லாம் உன்னைக் கொஞ்சியதாக மாறியிருக்கிறது. 'என் அக்காவை நான் குயில் என்று கூப்பிடுவேன்' என்று எழுதியிருக்கிறாய். குயிலாம்! கக்கா என்று எழுத வெட்கமாக இருந்ததா?

இதெல்லாம் முடிந்த பிறகும் எனக்குள் ஒரு நப்பாசை. என்னிடம் சொல்ல நேரம் கிடைத்திருக்காது, கேட்டால் சொல்லிவிடுவான் என்று. அதனால்தான் 'ஏதாவது எழுதுகிறாயா' என்று கேட்டேன். நீ மளிகைச் சீட்டைக் காட்டினாய். அதோடு நிற்காமல், அப்பாவையும் அனுப்பு என்று கேட்டாய்.

நான் செத்த அன்று மழை கொட்டியதாம். தம்பி, அந்த வருஷம் ஒரு பொட்டு மழை இல்லை. பெய்திருந்தால் அப்பா சூளைக்குப் போயிருக்க மாட்டார். உன் காய்ச்சலுக்கு மறு வாரம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருக்கவும் மாட்டார்கள். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றுதான் நிறுத்தினார்கள். உனக்கு உறுத்தும் என்று அதை மட்டும் நான் எழுதவில்லை.

வெள்ளை அடித்தது எதற்கென்று இப்போது புரிகிறது. ஊருக்கெல்லாம் செத்துப்போனவளைப் பின்பக்க அறையில் எப்படி வைத்துக்கொள்வது? உனக்கும் கஷ்டம்தான்.

அக்கா


செப்டம்பர் 25

அன்புள்ள கக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் தம்பி மனைவி என்னிடம் பேசுவதில்லை. உன் கண் எப்படி இருக்கிறது?

வேண்டுமென்று செய்யவில்லை. பத்திரிகையில் பழகிய ஒருவர் சின்ன வயசைப் பற்றி எழுதச் சொன்னார். உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை, அதனால் மறதி என்றது முழுப் பொய் இல்லை. உன் கடிதங்களைப் படித்துப் படித்து எல்லாம் நானே செய்த மாதிரி ஆகிவிட்டது. பிறகு அவர், படிப்பவர்களுக்கு ஒரு இழப்பு வேண்டும், கண்ணீர் இல்லாமல் தொடர் நிற்காது என்றார். எழுத எழுத அது அப்படிப் போய்விட்டது. அந்த வாரம் வந்த கடிதங்களை நீ பார்க்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். அவர்களிடம் போய், என் அக்கா கண் ஆபரேஷனுக்கு வந்திருக்கிறாள் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

டிசம்பரில் எல்லாம் புத்தகமாக வருகிறது. அச்சாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. முதல் பக்கத்தில் 'என் குயிலுக்கு' என்று போட்டிருக்கிறேன். அது நீதான்.

நான் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நீ வா. ஆபரேஷனும் செய்துகொள்ளலாம், வெளியீட்டு விழாவுக்கும் வரலாம். கேட்பவர்களிடம் பெரியப்பா மகள் என்று சொல்லிக்கொள்வோம். அதுவும் அக்கா முறைதானே?

உன் தம்பி


நவம்பர் 30

தம்பிக்கு,

எழுத்து சின்னதாகியிருப்பதைப் பார்த்திருப்பாய். கோடு தெரிகிறது. நர்ஸ் பொண்ணு வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே வலது கண்ணை முடித்துவிட்டேன். டியூட்டிக்குப் போகும்முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை இறங்கி வந்து சொட்டு மருந்து போட்டாள். நடுவில் போட வேண்டியதற்கு எதிரே உள்ள அச்சாபீஸ்காரரின் மனைவி வந்துபோனாள். அந்தக் குயில் நான்தான் என்று நர்ஸ் பொண்ணிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். உன் கடிதங்களைக் காட்டினேன். பிறகு நீ எழுதியது எதையும் படிக்க மாட்டேன் என்றாள். "நல்லாத்தான் எழுதியிருக்கான், படி" என்று நான்தான் சொன்னேன்.

நிஜமாகவே நன்றாக எழுதியிருக்கிறாய். கட்டுத் திறந்ததும் எல்லாவற்றையும் நானே படித்தேன். என் சாவுக்கு நானே அழுதேன். வயிறு எரிவதும் அதனால்தான். மோசமாக எழுதியிருந்தால், போகிறான் கிறுக்கன் என்று விட்டிருப்பேன்.

பெரியப்பா மகள் அக்கா முறைதான். ஆனால் நம் அப்பா வீட்டுக்கு மூத்தவர், அம்மாவுக்கும் அக்கா இல்லை, நமக்குப் பெரியப்பா என்று ஒருவரே கிடையாது. என்னைக் கொன்றுவிட்டாய், இனி அவரையும் நீயே பெற்றுப்போட வேண்டும். எதற்கு இவ்வளவு சிரமம்? நான் வரவில்லை. விழாவுக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. அந்த மெத்தையைப் பிரித்து உன் வீட்டுக்காரியைப் படுத்துக்கொள்ளச் சொல். அவளாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.

பயப்படாதே, யாரிடமும் போய் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். உன்னைத் தலைகுனிய வைக்க எனக்குத் தெரியாது. பழக்கமில்லை. ஆனால் அப்பா திரும்பி வந்த நாளை உனக்கு எழுத மாட்டேன். அது எனக்கு வேண்டும்.

அந்தப் பூட்டிய வாசலில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு கேட்டேனே, இவனுக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள் என்று. யார் காதிலும் விழவில்லை என்றுதான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் காதில் விழுந்திருக்கிறது. நீ எடுத்துக்கொண்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கக்கா